விறாந்தையில் நின்ற எஞ்சின்

செபநாயகம் ரயில் சாரதியாக ஓட்டியது மொத்தம் பதினான்கு வாரம். அந்தப் பதினான்கு வாரத்துக்காக அவர் படித்தது ஆறு வருடம். 1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கி, குடாநாட்டுக்கு ரயில் வருவது நின்று, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிப் போன கதை எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே இழுக்கத் தேவையில்லை. இது அவருடைய மனைவி மக்டலீனைப் பற்றியது. ஒருநாளும் எஞ்சினில் ஏறியறியாத, ஆனால் ஒரு எஞ்சின் ஏன் இழுக்காது என்பதற்கு முப்பத்தொரு காரணத்தை மூச்சு விடாமல் சொல்லக்கூடிய மனுசி அவள்.

கடலோரக் குருநகரில் பிறந்து குருநகரிலேயே தாலி கட்டிக்கொண்டவள். தகப்பன் வள்ளம் வைத்திருந்தார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் கடலால் வந்து படுத்த பிறகு, பெண்கள்தான் அடுத்த தொழிலுக்கு எல்லாவற்றையும் ஆயத்தம் செய்வார்கள். வலை சிக்கெடுத்து மடித்தபடி இருக்க வேண்டும், கயிறு சுருட்டியபடி இருக்க வேண்டும், தண்ணீர்ப் போத்தல் நிரம்பியிருக்க வேண்டும். போகிறவன் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. கையை நீட்டினால் சாமான் அந்தந்த இடத்தில் இருக்க வேண்டும். இதில் மக்டலீனை மிஞ்ச ஆள் இல்லை. நாலு பெண் பிள்ளைகளில் அவள் மடித்த வலைதான் சிக்காது என்று தகப்பன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளையோ வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுக்கிற ஆள். கரையில் பிறந்து கடலைக் கண்டால் தலை சுற்றுகிற செபநாயகத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் அந்தப் பகுதியில் இல்லை. சிரிப்புத் தாங்காமல்தான் அவர் ரயிலில் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் உதவிச் சாரதி. எஞ்சினில் இடது பக்கத்து இருக்கையில் இருந்து சிக்னலைப் பார்த்துச் சொல்கிற வேலை. வலது பக்கத்து இருக்கைக்குப் போக ஒரு பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றாம் தரமும் பெயில் என்றால் பென்சன் எடுக்கும்வரை இடது பக்கம்தான்.

முதல் தரம் 1984இல் போனார். வாய்மொழிப் பரீட்சை. கைக்குத் தெரிந்தது வாயில் வரவில்லை. பரீட்சகர் ஒன்றைக் கேட்க இவர் வேறொன்றைச் சொல்லி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். வந்த அன்று சாப்பிடவும் இல்லை.

அடுத்த வருடம் வடக்குப் பாதையில் ஓட்டம் நின்று நின்று போகத் தொடங்கியது. கோச்சி என்று ஊர் சொல்கிற ரயில் ஒரு கிழமை வரும், இரண்டு மாதம் வராது. கைப்பழக்கத்துக்கு எஞ்சின் இல்லை. செபநாயகம் கதிரையில் இருந்துகொண்டு காற்றில் கைபிடிகளை இழுத்துப் பழகினார். மக்டலீனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் தம்பி லியோனைக் கூப்பிட்டாள். அவன் வள்ளம் கட்டுகிற ஓடாவி.

"உந்த மனுசன் விசரன் மாதிரி வெறுங்கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எஞ்சினுக்குள்ளை இருக்கிறதை அப்பிடியே மரத்திலை செய்து தா," என்றாள்.

"அக்கா, நான் எஞ்சினுக்குள்ளை ஒருநாளும் பாத்ததில்லை."

"அத்தான் சொல்லுவார். நீ செய்."

அத்தான் சொல்லச் சொல்ல, மிஞ்சின வள்ளப் பலகையில் லியோன் செய்தான். விறாந்தையின் ஒரு மூலையை அது பிடித்துக்கொண்டது. எட்டுப் படிகளில் முன்னே தள்ளுகிற வேகக் கைபிடி. முன், நடு, பின் என்று மாற்றுகிற திசைக் கைபிடி. முழு ரயிலையும் நிறுத்துகிற பெரிய பிறேக், எஞ்சினை மட்டும் பிடிக்கிற சின்னப் பிறேக். மேலே வரிசையாக மூன்று சுவிச். முன்பலகையில் அட்டையில் வெட்டிய மானிகள். அவற்றின் முட்களுக்கு நூல் கட்டிப் பலகைக்குப் பின்னால் விட்டிருந்தான். பிறேக் மானியின் முள் இருபத்தொன்றில் நின்றால் பிறேக் விட்டிருக்கிறது என்று அர்த்தம். இறங்க இறங்க, சில்லுகளைப் பிடிக்கிறது.

நூலை இழுக்கிற வேலை மக்டலீனுடையது. என்ன பிழை வந்தால் எந்த முள் எங்கே நிற்கும் என்று தெரியாமல் இழுக்க முடியாது. எனவே அவள் படித்தாள். செபநாயகத்திடம் இங்கிலீசில் தட்டச்சடித்த தாள்கள் இருந்தன. கொன்வென்ரில் எட்டாம் வகுப்புவரை படித்த இங்கிலீசை வைத்துக்கொண்டு, தெரியாததை அவரிடமே கேட்டு, பிழைக்கு ஒரு துண்டாக முப்பத்தொரு துண்டுகளில் தமிழில் எழுதி பிஸ்கற் தகரத்துக்குள் போட்டாள். பின்னேரம் நாலரைக்குத் தேத்தண்ணி முடிய அவர் கதிரையில் ஏறுவார். அவள் பலகைக்குப் பின்னால் போய் ஒரு துண்டை எடுப்பாள்.

"கோச்சி நிக்குது. எஞ்சின் உறுமுது. மூண்டாம் படிக்குத் தள்ளிப் போட்டியள், அசையேல்லை," என்பாள்.

"பிறேக் முள் எங்கை நிக்குது?"

"என்னைக் கேக்கிறியள்? கண் இல்லையே? பாருங்கோ."

"பன்னிரண்டு. பிறேக் விடேல்லை. இப்ப விடுறன்."

"விட்டாச்சு. இருபத்தொண்டு. இன்னும் அசையேல்லை."

செபநாயகம் நாலாம் படிக்குத் தள்ளுவார். ஐந்துக்குத் தள்ளுவார். பலகைக்குப் பின்னால் இருந்து ஒரு பெருமூச்சு வரும்.

"அவசரப் பிறேக் விழுந்தா மோட்டாருக்குப் போற சக்தி தன்பாட்டிலை அறுந்து போகும். கைபிடியைச் சைபருக்குக் கொண்டுவந்தாத்தான் திரும்ப வரும். நீங்கள் மேலை மேலை தள்ளிக்கொண்டு நிக்கிறியள். ஒருக்காப் பின்னுக்கு வந்தா என்ன மானம் போகுதோ?"

கீழே இறங்கி வருவது அவருக்குப் பிடிக்காத காரியம். ஆனாலும் பழகிக்கொண்டார். இந்திய ஆமி வந்தது, ஊரடங்கு வந்தது, சனம் கோயிலில் போய் இருந்து திரும்பி வந்தது. நாலரை மணி மட்டும் அனேகமாகத் தப்பவில்லை. முப்பத்தொரு பிழைகளையும் எந்தத் துண்டு வந்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். லியோன் பார்த்துவிட்டு, "அத்தான், இனி உங்களை ஒருத்தனும் விழுத்தேலாது," என்று சொன்னான்.

இரண்டாவது பரீட்சை 1988இல். இந்த முறை தெற்கே ஒரு பெரிய ஸ்ரேசனில், உண்மையான எஞ்சினில். பரீட்சகர் தியாகலிங்கம் என்பவர், அச்சுவேலிப் பக்கத்து ஆள். எஞ்சினில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துவிட்டுப் பிடிக்கச் சொல்கிற கடுமையானவர் என்று பெயர். செபநாயகம் வெள்ளைச் சட்டையோடு போய், மூன்றாம் நாள் அதே சட்டையோடு வந்து விறாந்தைக் குந்தில் இருந்தார். மக்டலீனுக்கு முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"என்ன பிழை வைச்சவர்?"

"ஒரு பிழையுமில்லை." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எஞ்சினைச் சிவனே எண்டு ஓடவிட்டு, கோச்சியை எடும் எண்டார். கைபிடியைத் தள்ளினன். உறுமுது, அசையேல்லை. பிறேக்கைப் பாத்தன். சைபருக்கு வந்து பாத்தன். பின்னுக்குப் போய்ப் பியூஸ் எல்லாம் கழட்டிப் பாத்தன். கால் மணித்தியாலம். பிறகு அவர் வந்து கையை நீட்டி ஒரு சுவிச்சை மேலை தட்டினார். எஞ்சின் இழுத்துது."

"எந்தச் சுவிச்?"

"மேலை இருக்கிற மூண்டிலை நடுவிலை உள்ளது. சக்தியை மோட்டாருக்கு விடுறது. எனக்கு முன்னம் ஏறின ஆள் நிப்பாட்டிப் போட்டு இறங்கியிருக்கிறான். நான் அதைப் பாக்கவே இல்லை மக்டலீன். அது எப்பவும் மேலைதானே இருக்கும்!"

மக்டலீன் விறாந்தை மூலையைப் பார்த்தாள். மூன்று சுவிச்சும் ஒரே வரிசையில் மேல்நோக்கி நின்றன. வேகக் கைபிடி சைபரில் நின்றது. பிறேக் முள் இருபத்தொன்றில் நின்றது. எல்லாம் துடைத்து வைத்தபடி, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வைத்தது அவள்தான். செபநாயகம் பயிற்சி முடிந்து எதை எதை எந்தக் கோலத்தில் விட்டுவிட்டு எழும்பினாலும், அடுத்த நாள் காலை விறாந்தை கூட்டும்போது அவள் ஒவ்வொன்றாய் நேராக்கி வைப்பாள். மனுசன் வந்து இருந்தால் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. வலையை மடித்த கை அது, யோசித்துச் செய்ததில்லை. மூன்று வருடம், பழகிய ஒவ்வொரு நாளும், அவர் சரியாக இருக்கிற எஞ்சினில்தான் ஏறினார். அவள் நூலை இழுத்த பிறகுதான் பிழை வரும். ஏறும்போதே பிழையாக இருக்கிற எஞ்சினை அவர் ஒருநாளும் காணவில்லை.

அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. மீன் குழம்பை அடுப்பில் விட்டுவிட்டு மறந்து, கரிய விட்டாள். இருபது வருடக் குடித்தனத்தில் அதுதான் முதல் தரம்.

ஒன்றரைக் கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கோயிலுக்கு, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பங்குச் சுவாமியார் வெளியூர்க்காரர், ரயிலைப் பற்றி அதிகம் அறியாதவர்.

"சுவாமி, நான் என்ரை மனுசனைப் பெயிலாக்கிப் போட்டன்."

"எப்பிடிப் பிள்ளை?"

"விறாந்தையைத் துப்புரவாய் வைச்சு."

சுவாமியார் விளக்கம் கேட்க, அவள் சுவிச், கைபிடி, முள் எல்லாம் சொல்லி முடிக்கக் கால் மணித்தியாலம் போனது. பின்னால் நின்ற சனம், இவள் இவ்வளவு நேரம் சொல்ல அப்படி என்னதான் செய்தாளோ என்று ஆளையாள் பார்த்தது.

"அது பாவமில்லைப் பிள்ளை," என்றார் சுவாமியார்.

"அப்ப ஏன் சுவாமி எனக்குச் சோறு இறங்கேல்லை?"

"அவருக்குச் சொல்லாததாலை. சொல்லத்தான் வேணும். எப்ப எண்டது உன்ரை புத்தி."

அவளுடைய புத்தி, இப்போது வேண்டாம் என்றது. இருந்த கொஞ்ச நம்பிக்கையும் உடைந்து போகும், மூன்றாம் தரம் போகவே மாட்டார் என்று பயந்தாள். அதற்குப் பதிலாக, தன் கைக்கு ஆகவே ஆகாத ஒரு காரியத்தைத் தொடங்கினாள். தினமும் காலையில் விறாந்தை கூட்டி முடித்ததும், வேண்டுமென்றே எதையாவது குழப்பி வைத்தாள். ஒருநாள் ஓரத்துச் சுவிச் கீழே. ஒருநாள் திசைக் கைபிடி பின்னுக்கு. ஒருநாள் சின்னப் பிறேக் இறுகப் பிடித்தபடி. முதல் கிழமை அதைப் பார்க்கவே அவளுக்குக் கை பரபரத்தது. போய் நேராக்கிவிட்டுத் திரும்ப வந்து குழப்பினாள்.

"ஆர் உதைத் தொட்டது?" செபநாயகம் கத்தினார். "ஒரு வீட்டிலை ஒரு சாமான் வைச்ச இடத்திலை இருக்காதோ?"

"எஞ்சினிலை எத்தினை பேர் ஏறி இறங்கினம். ஆரைப் பிடிச்சுக் கேப்பியள்? பாத்திட்டு இருங்கோ," என்றாள் அவள், குசினிக்குள் இருந்து.

அவர் முணுமுணுத்தார். ஆனால் இரண்டு மாதத்துக்குள், கதிரையில் ஏற முதல் சுற்றி வந்து ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பெயர் சொல்லிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. சில நாள் அவள் ஒன்றையும் குழப்பாமல் விட்டாள். அன்றைக்கும் அவர் தொட்டுப் பார்த்தார். மக்டலீன் பலகைக்குப் பின்னால் இருந்து, சத்தம் வராமல் மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

மூன்றாவது பரீட்சை 1990 தையில். அதே தியாகலிங்கம். எஞ்சினைக் காட்டி, கொண்டு போம் என்றார். செபநாயகம் ஏறவில்லை. கீழே நின்று சுற்றி வந்தார், குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மேலே ஏறி மூன்று சுவிச்சிலிருந்து தொடங்கினார். தியாகலிங்கம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"என்ன தேடுறீர்? நான் பிழை வைச்சிருக்கிறன் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லைச் சேர். எனக்கு முன்னம் இதைத் தொட்டது ஆரெண்டு எனக்குத் தெரியாது. அதுதான்."

பிழை ஒன்றும் இருக்கவில்லை. ரயில் அசைந்தது. தியாகலிங்கம் தாளில் ஏதோ எழுதி மடித்துவிட்டு, வீட்டுக்குப் போம் என்று மட்டும் சொன்னார்.

மாசி கடைசியில், பாஸ் என்று கடிதம் வந்தது. லியோன் சோடாப் போத்தல்களோடு வந்தான். பக்கத்து வீட்டுச் சனம் வந்து, வள்ளத்தில் சத்தி எடுத்த கதையை இன்னொருக்காச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனது. எல்லாரும் போன பிறகு, பின்னேர வெயிலில், மக்டலீன் அவருக்கு முன்னால் போய் நின்று முழுவதையும் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, தன்னைக் காப்பாற்றிப் பேசவும் இல்லை.

செபநாயகம் கேட்டு முடித்தார். "ரெண்டு வருசம் சொல்லாமல் இருந்திருக்கிறாய்," என்றார். "ஓம்," என்றாள் அவள். அவர் எழும்பிக் கடற்கரைப் பக்கம் போனார்.

அதன் பிறகு ஒன்பது நாள் அவர் அவளோடு கதைக்கவில்லை. லியோன் வந்தால், "உன்ரை அக்காட்டைச் சொல்லு, பிளேன்ரீ வேணுமெண்டு," என்பார். அக்கா அரை முழத் தூரத்தில் நின்று ஊற்றிக் கொடுப்பாள். அவருக்கு வந்த கோபத்தில் நியாயம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் ஊரின் பகிடியைச் சுமந்தவர் அவர். சாரதியாக முதல் ஓட்டத்துக்குப் புறப்பட்ட காலையிலும் வாசலில் நின்று, சட்டைக் கொலரை மட்டும் சரிசெய்துகொண்டு போனார். அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அடுத்த நாள் மூன்று மணிக்கு அவர் வந்தார். அவள் குசினியில் விளைமீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் நேராக உள்ளே வந்து, மணைப்பலகையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"திரும்பி வரேக்கை ஒரு ஸ்ரேசனிலை எஞ்சின் மாத்தினவங்கள்," என்று தொடங்கினார். ஒன்பது நாளுக்குப் பிறகு அவர் அவளோடு கதைத்த முதல் வசனம் அது. "நாப்பது நிமிசம் பிந்திப் போச்சு. கார்ட் பச்சைக் கொடி காட்டியாச்சு. ஸ்ரேசன் மாஸ்ரர் போகச் சொல்லிக் கையைக் காட்டுறார். சனம் கத்துது. என்ரை மானி இருபத்தொண்டிலை நிக்குது. எல்லாம் சரி."

"பிறகு?"

"பிறேக்கைப் போட்டு முள்ளை இறக்கிப் போட்டு, உதவியாளைக் கடைசிப் பெட்டிக் கார்ட்டிட்டை அனுப்பினன், அங்கத்தை மானியிலையும் முள் இறங்கினதோ எண்டு கேக்க. அந்தாள் பாக்கவே இல்லையாம். சரியாய்த்தான் இருக்கும், எடுக்கச் சொல்லு எண்டாராம். நான் எடுக்கேல்லை. இறங்கிப் போய்ப் பாத்தன்." அவர் கையால் காட்டினார். "எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவிலை போற பிறேக் குழாய். கொழுவேல்லை. ரெண்டு நுனியையும் மூடிக் கொக்கியிலை மாட்டியிருக்கு. பெட்டியளின்ரை பிறேக்கை ஆரோ கையாலை இழுத்து விட்டிருக்கிறாங்கள், தள்ளி விடுறதுக்கு. எஞ்சினுக்குப் பிறேக் இருக்கு. பெட்டியளுக்கு ஒண்டுமே இல்லை. என்ரை மானி அதைக் காட்டாது."

வெட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. துண்டுகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நிற்கவேண்டிய இடத்தில் அந்த ரயில் என்ன செய்திருக்கும் என்று யாரும் அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"எத்தினை பெட்டி?"

"ஒன்பது. ஒண்டிலை கலியாண வீட்டுச் சனம். பாட்டும் கூத்தும்." அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்தினார். "எண்பத்தெட்டிலை பாஸ் பண்ணின செபநாயகம் எண்டா இழுத்திருப்பான்."

"உங்கடை கெட்டித்தனம். மாதா காப்பாத்தினா."

"இல்லை." அவர் தலையை ஆட்டினார். "எனக்கு இன்னும் உன்னிலை கோவம்தான். ரெண்டு வருசம் ரெண்டு வருசம்தான். ஆனா நீ அண்டைக்குச் சொல்லாமல் விட்டிருந்தா, சோதனை பாஸ் பண்ணினது என்ரை கெட்டித்தனம் எண்டுதான் நானும் நினைச்சிருப்பன். அப்பிடி நினைக்கிறவன், சனம் எல்லாம் கத்தேக்கை இறங்கிப் பாக்கமாட்டான் மக்டலீன். நான் இறங்கேக்கை, எனக்கு ஒண்டும் தெரியாது எண்டுதான் இறங்கினன்."

மக்டலீன் அழுதாள். பெரிய சத்தமாக அழுதாள். பயம், வெட்கம், ஒன்பது நாள் பேச்சில்லாமல் இருந்த ஆற்றாமை எல்லாம் ஒன்றாய் வந்தது. இரண்டு கையும் மீன் செதிலும் இரத்தமுமாய் இருந்ததால் முகத்தைத் துடைக்க முடியவில்லை. செபநாயகம் எழும்பி வந்து, உத்தியோகச் சட்டையின் கைப்பகுதியால் அவள் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டார். அடுத்த நாள் விடிய அவருக்கு மறுபடி ஓட்டம் இருந்தது. இருந்த ஒரே சட்டை அதுதான் என்பதால், அவள் மீனை அப்படியே விட்டுவிட்டு, வெயில் போக முதல் அதைத் தோய்த்துப் போட ஓடினாள்.